பெயர் வைக்காத பெட்டியும் புக்கிட் செலம்பாவ் பஸ்ஸும்

ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கணினியைப் பற்றி ஒன்றுமே தெரியாதவர்களால் யாருக்கும் ஆபத்தில்லை. நன்றாகத் தெரிந்தவர்களாலும் ஆபத்தில்லை. ஏழெட்டு விஷயங்களை மட்டும் தெரிந்துகொண்டு, எங்கே காட்டலாம் என்று அலைகிறவர்கள்தான் ஆபத்தானவர்கள். இருபத்து நான்கு வயதில் எனக்கு மிகச் சரியாக ஏழெட்டு விஷயங்கள் தெரிந்திருந்தன.

ஜித்ராவில் டிப்ளோமா முடித்துவிட்டு, கூலிமில் ஒரு கிலாங்கில் (தொழிற்சாலை என்று சொன்னால் எங்கள் ஊரில் ‘எந்தத் தொழிற்சாலை?’ என்று கேட்பார்கள்) கணினிப் பிரிவில் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. பிரிண்டரில் சிக்கிய தாளை உருவுவதும், கடவுச்சொல்லை மறந்தவர்களுக்குப் புதிய கடவுச்சொல் கொடுப்பதும்தான் என் வேலை. ஆனால் புக்கிட் செலம்பாவில் எங்கள் தாமான் குடியிருப்பு முழுக்க அம்மா பரப்பியிருந்த செய்தி வேறு. நான் இல்லாவிட்டால் கூலிமில் கரண்ட்டே நின்றுவிடும் என்பது போல அவர் பேசுவார். நானும் மறுத்ததில்லை.

எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி சரோஜா அக்கா இருந்தார். இருபது வருடம் கிலாங்கில் ஓப்பரேட்டராக நின்று வேலை செய்துவிட்டு, பிறகு ஒரு பழைய பஸ்ஸை வாங்கி, அதே கிலாங்குக்கு ஆள் ஏற்ற ஆரம்பித்தவர். பிறகு இன்னொரு பஸ்ஸும் சேர்ந்தது. ஒன்றை அக்காவே ஓட்டினார். மற்றொன்றுக்குச் சம்பள டிரைவர். அந்த ஆண்டு கூலிமில் இருக்கும் வேறொரு பெரிய கிலாங் அவருடைய இரண்டு பஸ்ஸையும் மூன்று மாதச் சோதனைக்கு எடுத்திருந்தது. ஜனவரிக் கடைசியில் சோதனை முடியும். அதுவரை ஒரு நாள் கூட காலை ஷிஃப்டுக்குத் தாமதமாகக் கூடாது, அதன்பின்தான் நிரந்தர ஒப்பந்தம். அக்கா இரண்டாவது பஸ்ஸைக் கடனில் எடுத்ததே இதை நம்பித்தான்.

அவருடைய நிர்வாகம் முழுவதும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் இருந்தது. யார் எந்த ஷிஃப்டு, எந்த முனையில் நிற்பார், என்ன நம்பர் என்று எல்லாம் அதில்தான். வாரத்துக்கு வாரம் ஷிஃப்டு மாறும், ஆட்கள் மாறுவார்கள், அக்கா அடித்து அடித்து எழுதுவார். சில பக்கங்களில் எழுத்தைவிட அடித்தலே அதிகம். ஒரு நாள் மாலை அதைப் பார்த்துவிட்டு எனக்குக் கை துறுதுறுவென்றது.

“அக்கா, இன்னும் நோட்டுல எழுதிக்கிட்டா இருக்கீங்க? நான் ஒரு ஆப் செஞ்சி தரேன். டிரைவர் போன்ல லிஸ்ட் தானா வந்துரும்.”

“தானா வருமா? வீடு, நம்பர் எல்லாம்?”

“எல்லாமே. மேப்போட.”

அக்கா யோசித்தார். “நோட்டு தொலைஞ்சா தேடலாம். இது தொலைஞ்சா?”

“இது தொலையாதுக்கா. டேட்டாபேஸ் லா.”

அந்த ‘லா’வை நான் எவ்வளவு நிதானமாகச் சொன்னேன் என்பது இன்றும் என் காதில் கேட்கிறது.

எனக்குத் தெரிந்த ஏழெட்டு விஷயங்களில் ஆகப் புதியது கன்டெய்னர். ஒரு செயலிக்கு வேண்டிய ஒவ்வொன்றையும் தனித்தனிப் பெட்டியில் ஓட வைக்கும் முறை அது. டேட்டாபேஸ் ஒரு பெட்டியில், செயலி ஒரு பெட்டியில், டேட்டாபேஸைத் திறந்து பார்க்கும் கருவி இன்னொரு பெட்டியில். ஒன்று கெட்டாலும் மற்றதைத் தொடாது. வேண்டாமென்றால் பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஒரே கட்டளையில் புதிதாக எழுப்பிக்கொள்ளலாம். இதை அக்காவுக்கு விளக்கினேன்.

“கன்டெய்னரா? பட்டர்வொர்த் துறைமுகத்துல அடுக்கி வெச்சிருக்கானுங்களே, அதா?”

“இல்லக்கா, டிப்பன் கேரியர் மாதிரி வெச்சுக்குங்க. ரசம் தனி, கறி தனி.”

“சரி. சோறு கொட்டாம இருந்தா போதும்.”

சோறு எங்கே இருக்கிறது என்பதுதான் இந்த முறையில் கவனிக்க வேண்டிய ஒரே விஷயம். பெட்டியைத் தூக்கிப் போடலாம். ஆனால் டேட்டாபேஸின் விவரங்கள் பெட்டிக்கு வெளியே ஒரு சேமிப்புப் பகுதியில் இருக்க வேண்டும், அந்தப் பகுதிக்கு நாமாக ஒரு பெயர் வைக்க வேண்டும். பெயர் இருந்தால் இது யாருக்கோ வேண்டியது என்று கணினி எடுத்து வைக்கும். பெயர் இல்லாவிட்டால், பெட்டி போனதும் அதுவும் அநாதை. பெயர் வைக்க ஒரே ஒரு வரி எழுதினால் போதும். நான் எழுதவில்லை. (எங்கள் வீட்டுப் பூனைக்கு மூன்று பெயர் இருந்தது.)

செயலி சரியாக ஓடுகிறதா என்று பார்க்க ஒரு பயிற்சிப் பட்டியல் தேவைப்பட்டது. பொய்ப் பெயர்கள்தான் போட வேண்டும். ஆனால் மேப்பில் இடம் சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க வேண்டுமே என்று உண்மையான வீடுகளைப் போட்டேன். எங்கள் அம்மா, சந்தி முனையில் இருக்கும் மாமாக் டீக்கடை, அப்பாவின் தங்கை கமலா அத்தை. குறிப்பு எழுதும் கட்டத்தில் சும்மா எழுதாமல், எனக்கு நானே சிரித்துக்கொண்டு எழுதினேன். பிறகு, டேட்டாபேஸ் எப்போதாவது காலியாக எழுந்தால் இந்தப் பயிற்சிப் பட்டியலைத் தானாகவே நிரப்பிக்கொள் என்று ஒரு வசதியும் செய்து வைத்தேன். வேலை செய்யும்போது நேரம் மிச்சமாகும் அல்லவா.

நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் அக்கா நோட்டைப் பார்த்து வாசிக்க, நான் தட்டினேன். என் பழைய லேப்டாப்தான் சர்வர். அம்மாவின் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் இரவு பகலாக ஓடியது. நவம்பர் முழுக்கப் பிரச்சனை இல்லை. டிசம்பரும் அப்படியே. தாமானில் என் நடையே மாறிவிட்டது.

ஜனவரியில் போகி வந்தது. பொங்கலுக்காக நான் இரண்டு நாள் லீவு. காலை பஸ் ஓட்டத்தை முடித்துவிட்டு வந்த சரோஜா அக்கா, வீட்டுக்குப் பின்னால் எண்ணெய் டிரம்மில் தீ மூட்டி, கிழிந்த பாய், பழைய துணி, காலண்டர் என்று ஒவ்வொன்றாகப் போட்டார். கடைசியில் அந்த நோட்டையும் எடுத்தார்.

“அக்கா, நோட்டையுமா?”

“நீதானே சொன்ன, இனி வேணான்னு. பழசு போவட்டும் லா.”

தீயில் அது திறந்துகொண்டு ஒவ்வொரு பக்கமாகச் சுருண்டது. நான் என்ன செய்தேன் தெரியுமா? கை தட்டினேன்.

வீட்டுக்கு வந்தால் அம்மா துடைப்பத்தோடு நின்றார். “வீடு பூரா நான் ஒருத்தி கூட்டறேன். உன் கம்ப்யூட்டர்ல குப்ப நெறஞ்சிருச்சின்னு அன்னைக்கே சொன்ன. அதையாச்சும் கூட்டு.” உண்மைதான். லேப்டாப் இடமே இல்லாமல் திணறிக்கொண்டிருந்தது. நானும் போகி வேகத்தில் இருந்தேன். சுத்தம் செய்வதென்றால் ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்று, ஓடிக்கொண்டிருந்த பெட்டிகளையெல்லாம் முதலில் நிறுத்தினேன். அடுப்பைத் துடைக்கும் முன் கேஸை மூடுகிற பொறுப்பு. பிறகு, உபயோகத்தில் இல்லாதவற்றையெல்லாம் சேமிப்போடு சேர்த்துத் துடைத்துவிடும் கட்டளையைக் கொடுத்தேன். நிஜமாகவா என்று கணினி கேட்டது. ஆமாம் என்றேன்.

ஓடாமல் நிற்கும் பெட்டி என்றால் அதன் கணக்கில் உபயோகத்தில் இல்லாத பெட்டி. பெட்டி போனது. பெயர் வைக்காத சேமிப்பு அதன் பின்னாலேயே போனது. நான் மறுபடியும் ஒரே கட்டளையில் எல்லாவற்றையும் எழுப்பினேன். டேட்டாபேஸ் காலியாக எழுந்தது, நான் செய்து வைத்த வசதிப்படி பயிற்சிப் பட்டியலை வயிறு நிறைய நிரப்பிக்கொண்டது. ‘நாளைய பட்டியல் தயார்’ என்று பச்சை எழுத்தில் வந்தது. பச்சையைப் பார்த்ததும் அந்தப் பக்கத்தை மூடிவிட்டேன். அம்மாவிடம் போய், “கூட்டியாச்சும்மா, பளிச்சுன்னு இருக்கு” என்று சொன்னேன்.

மறுநாள் பொங்கல். விடியும் முன்னே குளித்துவிட்டு வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தேன். நாற்பத்து நான்கு பேர் உட்காரும் பஸ் ஒன்று எங்கள் சந்துக்குள் திரும்பி, என் கோலத்துக்கு ஒரு சாண் முன்னால் நின்று, விடாமல் ஹாரன் அடித்தது. ஓட்டி வந்தவர் மணியம் அண்ணன். வழக்கமான டிரைவர் பொங்கல் லீவில் போனதால், அன்று ஒரு நாளுக்கு அக்கா அமர்த்திய பழைய லோரி டிரைவர். சொன்னதைச் சொன்னபடி செய்வார் என்பதுதான் அவருடைய பெருமை.

“தங்கச்சி, ராஜம்மா இங்கதானே? வரச் சொல்லு, நேரமாச்சு.”

அம்மா கையில் மஞ்சள் கொத்தோடு வெளியே வந்தார். “நான் எதுக்கு கிலாங்குக்கு வரணும்?”

“பேரு இருக்கேம்மா. காலை ஷிஃப்டு. ‘சாமி ரூம்ல இருந்து லேசுல வர மாட்டாங்க, வர வரைக்கும் ஹாரன் அடிக்கவும்’னு எழுதியிருக்கு.”

அம்மா என்னைப் பார்த்தார். மணியம் அண்ணனின் போனை வாங்கிப் பார்த்தேன். அதில் மூன்றே மூன்று பெயர்கள், என் பயிற்சிப் பட்டியல். டேஷ்போர்டில் பிளாஸ்டிக் பையில் மூன்று தே தாரேக் டீ தொங்கிக்கொண்டிருந்தன. மாமாக் கடைக்கு முன்னால் பஸ்ஸை நிறுத்தி ஹாரன் அடித்திருக்கிறார், கடைக்காரர் பொட்டலம் வாங்க வந்ததாக நினைத்துக் கட்டிக் கொடுத்துவிட்டார்.

அப்போதுதான் பஸ்ஸின் கடைசி ஜன்னலில் ஒரு முகம் தெரிந்தது.

கமலா அத்தை. பொங்கலுக்கு எடுத்த புதுச் சேலை, தலையில் பூ, மடியில் பிளாஸ்டிக் உறை போட்ட சான்றிதழ் பைல். இரண்டு மாதத்துக்கு முன், அக்காவின் பஸ் போகும் இதே கிலாங்கில் நேர்முகத் தேர்வுக்குப் போய் வந்திருந்தார். அத்தைக்கு நாற்பத்தாறு வயது. செம்பனை நாற்றங்காலில் நாள் கூலி, முதுகு வலி. எடுப்பார்களா என்று அவருக்கே சந்தேகம். இரண்டு மாதமாகக் குளிக்கப் போனாலும் போனைக் கையோடு கொண்டுபோனார் என்று மாமா கிண்டல் செய்வார்.

“கோமளா!” என்று ஜன்னல் வழியாக என்னைக் கூப்பிட்டார். “வேல கெடச்சிருச்சு லா! போன் கூட பண்ணல, நேரா பஸ்ஸே அனுப்பிட்டானுங்க!”

நான் என் போனைத் தேடி வீட்டுக்குள் ஓடினேன்.

முதலில் சரோஜா அக்காவுக்குப் போன் செய்தேன். அவர் இன்னொரு பஸ்ஸில் பாதி வழியில் இருந்தார். அது அவருடைய வழக்கமான ரூட், பட்டியல் இல்லாமலே ஓட்டுவார். விஷயத்தைச் சொன்னேன்.

“பழைய லிஸ்ட்ட எடு.”

“இல்லக்கா.”

“எங்கயாச்சும் இன்னொண்ணு வெச்சிருப்பல்ல?”

“இல்லக்கா.”

“நோட்டு...” என்று ஆரம்பித்து அவரே நிறுத்திக்கொண்டார். இரண்டு பேரும் ஒரே டிரம்மைத்தான் நினைத்துக்கொண்டோம். பிறகு அமைதியாகச் சொன்னார்: “முப்பத்தெட்டு பேரு முனையில நிக்கிறாங்க. பஸ் வரலன்னா எனக்குத்தான் போன் அடிப்பாங்க. அடிக்க அடிக்க நான் உனக்குச் சொல்றேன். நீ ஏறு.”

திட்டியிருக்கலாம். அவர் திட்டாததுதான் எனக்கு வலித்தது. ஈரத் தலையும் கோலமாவுக் கையுமாகப் பஸ்ஸில் ஏறினேன். முன் சீட்டில் உட்காரப் போனால் அத்தை பின்னாலிருந்து கை காட்டினார். போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“முன்னுக்கு உக்காரலாமே அத்தை?”

“டிரைவர் விட மாட்டேன்னுட்டாரு. போன்ல எழுதியிருக்காம். ‘கோபக்காரர், பேச ஆரம்பித்தால் கிலாங் வரும் வரை நிறுத்த மாட்டார், பின் சீட்டு கொடுக்கவும்.’” அத்தை குரலைத் தாழ்த்தினார். “கம்பெனி என்னைப் பத்தி நல்லாவே விசாரிச்சிருக்கு பாத்தியா.”

அதன் பிறகு நடந்தது ஒரு ஊர்வலம். சரோஜா அக்காவுக்கு ஒவ்வொருவராகப் போன் அடிக்க, அவர் என்னிடம் சொல்ல, நான் மணியம் அண்ணனிடம் கத்த, பஸ் தாமானுக்குள் புகுந்து, சிறுதோட்டச் சந்துகளில் ரிவர்ஸில் வந்து, போன வழியிலேயே மறுபடியும் போனது. ஒரு முனையில் நான்கு பேர் நிற்க, மூன்று பேரை ஏற்றிக்கொண்டு போய்விட்டு, நான்காவது ஆளுக்காகத் திரும்பினோம். ஏறியவர்கள் எல்லோரும் கடிகாரத்தைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். நேரத்துக்கு வந்தால்தான் முழு வருகைப் படி என்பது அவர்கள் யாருக்கும் விளையாட்டில்லை. சில பேர் பஸ்ஸை எதிர்பார்க்காமல் மோட்டோர் சைக்கிளில் கிளம்பிவிட்டார்கள். அத்தை மட்டும் ஏறிய ஒவ்வொருவரிடமும், “எந்த லைன்? சூப்பர்வைசர் எப்படி? நிக்கணுமா, உக்காரலாமா?” என்று கேட்டுக்கொண்டே வந்தார். அவர்கள் பதில் சொல்லச் சொல்ல மனப்பாடம் செய்தார்.

கூலிம் வரும் வரை எத்தனையோ முறை சொல்லிவிட நினைத்தேன். சொல்லவில்லை. கோழைத்தனம்தான், வேறு பெயர் கிடையாது. அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை.

ஐம்பது நிமிடம் தாமதமாகக் கிலாங் வாசலில் இறங்கினோம். எல்லோரும் அடையாள அட்டையைத் தட்டி உள்ளே ஓடினார்கள். அத்தை வாசல் காவலுக்கு நின்ற ஜாகாவிடம் போய்த் தன் ஐசி கார்டை நீட்டினார். அவர் பட்டியலைப் பார்த்தார், மறுபடியும் பார்த்தார். “நாமா தாடா, காக்,” என்றார், பெயர் இல்லை என்று. அத்தை திரும்பி என்னைப் பார்த்தார். அப்போதுதான் சொன்னேன். பயிற்சிப் பட்டியல், போகி, டேட்டாபேஸ் எல்லாவற்றையும் உளறினேன். அவருக்கு அதில் ஒரு வார்த்தை கூடத் தேவைப்படவில்லை. வேலை இல்லை என்பது மட்டும் புரிந்தது.

பைலை மூடிக் கைப்பைக்குள் வைத்தார். அதற்கே நேரம் எடுத்துக்கொண்டார்.

“அப்ப, கோபக்காரின்னு எழுதுனது நீதான்.”

“ஆமா அத்தை.”

“ம்.”

அருகிலிருந்த திண்டில் உட்கார்ந்தோம். மணியம் அண்ணன் ஆறிப்போன தே தாரேக்கைக் கொண்டுவந்து கொடுத்தார். அத்தை ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, “சீனி பத்தல,” என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. நான் அழுதேன். அவர்தான் முந்தானையால் என் முகத்தைத் துடைத்தார், கோலமாவு அப்பியிருக்கிறது என்று சொல்லிக்கொண்டு.

அடுத்த வாரம் கிலாங்கின் போக்குவரத்து அதிகாரி அக்காவை அழைத்தார். நானும் கூடப் போனேன். நான்தான் காரணம் என்று சொல்ல மூன்று நாள் கண்ணாடி முன் மலாயில் ஒத்திகை பார்த்திருந்தேன். வாயைத் திறக்கும் முன் அக்கா பேசிவிட்டார். பட்டியல் தன் பொறுப்பு, அதை எரித்ததும் தன் கைதான், இனி நடக்காது என்றார். அதிகாரி என்னைக் காட்டி யார் என்று கேட்டார். “அனாக் ஜீரான்,” என்றார் அக்கா. பக்கத்து வீட்டுப் பெண்ணாம். ஒத்திகை பார்த்த மலாயில் ஒரு வார்த்தைகூட அங்கே செலவாகவில்லை.

கல்மனதுக்காரர் இல்லை அந்த அதிகாரி. ஆனால் விதி விதிதான். அக்கா ஓட்டிய ரூட்டை மட்டும் கொடுத்தார்கள். மற்ற ரூட் வேறு ஆளுக்குப் போனது. இரண்டாவது பஸ் நான்கு மாதம் வாசலில் நின்றது. தினமும் வேலைக்குப் போகும்போது அதைத் தாண்டித்தான் நான் போக வேண்டும். பிறகு அக்கா அதை விற்றுவிட்டார்.

சேமிப்புக்குப் பெயர் வைத்தேன். தினமும் நகல் எடுக்கவும் ஏற்பாடு செய்தேன். நகல் சரியாக இருக்கிறதா என்று திறந்தும் பார்க்கிறேன். ஆனால் அக்கா அதோடு விடவில்லை. அன்று பஸ்ஸில் ஏறியவர்களிடம் பேச்சுக் கொடுத்தே அத்தனை பேரின் பெயர், முனை, லைன் எல்லாவற்றையும் மனதில் ஏற்றிக்கொண்ட ஒரே ஆள் யாரென்று யோசித்து, கமலா அத்தையைத் தன் ரூட்டுக்குச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டார். வேலை, விடியற்காலையில் ஒவ்வொருவருக்கும் போன் செய்து எழுப்பி, பஸ்ஸில் கூடவே போய் ஆள் எண்ணுவது. அன்றிலிருந்து ஒரு ஆள் விடுபட்டதில்லை. அத்தை முன் சீட்டில்தான் உட்காருவார். கிலாங் வரும் வரை பேச்சை நிறுத்துவதும் இல்லை.

மூன்று வருடம் கழித்து என் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் வந்த முதல் நாள், சரோஜா அக்கா என்னை அறிமுகப்படுத்தினார்.

“மத்தவங்க போகிக்குப் பழைய பாயத்தான் எரிப்பாங்க. இவ என்னோட பஸ்ஸையே எரிச்சவ.”

மாப்பிள்ளையின் பெரியப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். “அடப்பாவமே, ஆளுங்களுக்கு ஒண்ணும் ஆவலயே? இன்சூரன்ஸ் கெடச்சிச்சா?”

“இல்லைங்க,” என்றார் அத்தை, தட்டை நீட்டிக்கொண்டே. “அதுக்குப் பதிலா என்னைத்தான் எடுத்துக்கிட்டாங்க.”

எல்லோரும் சிரித்து முடித்த பிறகு பெரியப்பாவுக்கு நிதானமாக விளக்கினோம். கன்டெய்னர், டேட்டாபேஸ், பெயர் வைக்காத சேமிப்பு எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். இன்றும் எங்கள் வீட்டுக்கு வந்தால், யாரும் பார்க்காத நேரத்தில் அடுப்படியிலிருக்கும் தீப்பெட்டியை எடுத்து அலமாரி மேல்தட்டில் வைத்துவிட்டுத்தான் காப்பி குடிக்கிறார்.